கறுப்பு வட்டம் எந்தப் பீரியடில் வரும்?

திங்கட்கிழமை இரண்டாம் பீரியட் அறிவியல், மூன்றாவது கணக்கு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சமூக அறிவியல். பாட்டு டீச்சர் இருக்கிற பள்ளியாக இருந்தால் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் பாட்டு. சரி, மிருதங்கத்தின் வலந்தலை நடுவில் கறுப்பாக ஒரு வட்டம் இருக்கிறதே, அது இதில் எந்தப் பீரியடில் வரும்?

புதுக்கோட்டை மாவட்டத்துப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அறிவியல் சொல்லிவருகிற அந்தப் பெண்மணி, புதிதாக ஒரு பள்ளிக்குப் போனால் பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் தொடங்குவார். கையில் மிருதங்கம் இருக்கும். தெரிந்த வித்வான் வீட்டில் இரவல் வாங்கியது. பிள்ளைகள் முதலில் சிரிப்பார்கள். பிறகு யாராவது ஒருத்தி “பாட்டு பீரியட்” என்பாள். “தோல்ல செஞ்சது, அதனால உயிரியல்” என்பான் இன்னொருவன். “வட்டம்னா கணக்குதானே” என்று பின் பெஞ்சிலிருந்து குரல் வரும். அவர் எதையும் சரியென்றோ தப்பென்றோ சொல்லமாட்டார். மூன்றையும் கரும்பலகையில் எழுதிவைத்துவிட்டு, மிருதங்கத்தை நடுவில் வைப்பார்.

அவருடைய தொழில் ரகசியம் என்று ஒன்றைச் சொல்வதானால் அது இந்த எழுதிவைப்பதுதான். பதிலை முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் வகுப்பு அங்கேயே முடிந்துவிடும். பிள்ளைகள் சொன்ன ஊகங்கள் எல்லாம் பலகையில் இருக்கும்வரை யாருடைய ஊகம் நிற்கிறது, யாருடையது விழுகிறது என்று பார்க்கிற ஆசை எல்லாருக்கும் இருக்கும்.

கரணை என்றும் சோறு என்றும் சொல்லப்படும் அந்தக் கறுப்பு வட்டம் உண்மையிலேயே சோற்றால் ஆனது. வடித்த சோற்றைக் கிட்டான் கல்லின் கறுப்புப் பொடியோடு சேர்த்துப் பிசைந்து, தோலின் நடுவில் மெல்லிய பூச்சாகத் தடவி, வழவழப்பான கல்லால் காயும்வரை தேய்ப்பார்கள். பிறகு அதன்மேல் இன்னொரு பூச்சு. அதன்மேல் மற்றொன்று. நடுவில் கனமாகவும் ஓரத்துக்கு வரவர மெலிதாகவும் அது ஏறும். தேய்க்கத் தேய்க்க மயிரிழை போன்ற வெடிப்புகள் விழும். அவை வேலையின் குறையல்ல. வெடிப்பு விழவில்லை என்றால் கரணை ஒரே பாறையாகிவிடும். தோல் வளைய முடியாமல் ஒலி செத்துப்போகும். பிள்ளைகள் கையில் பூதக்கண்ணாடியைக் கொடுத்து அந்த வெடிப்புகளைப் பார்க்கச் சொல்வார். “காஞ்ச கண்மாய் மாதிரி இருக்கு” என்று ஒரு சிறுமி சொன்னதை அவர் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார். மழை பெய்யாத ஆண்டில் கண்மாய் பார்த்தே வளர்ந்த பிள்ளைகளுக்கு, ஈரம் வற்றும்போது மண் ஏன் பிளக்கிறது என்ற கேள்வி அதே நிமிடத்தில் பிறந்துவிட்டது.

இனிக் காது. இழுத்துக் கட்டிய கம்பியைத் தட்டினால் அடிப்படைச் சுரத்தோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வெண்களும் சேர்ந்தே எழும். முழு எண் மடங்குகள் என்பதால் காதுக்கு அவை ஒன்றோடொன்று இணங்கி இனிக்கின்றன. ஒரே சீரான தோலை வட்டச் சட்டத்தில் இழுத்துக் கட்டித் தட்டினால் அப்படி வராது. 1.59 மடங்கு, 2.14 மடங்கு, 2.30 மடங்கு என்று கோணல் மாணலாக எழும். அதனால்தான் பெரும்பாலான தோல் கருவிகளில் தாளம் கேட்கும். இன்ன சுரம் என்று தெளிவாகப் பிடிக்க வராது. மிருதங்கத்தையோ சுருதி சேர்த்தே மேடையில் வைக்கிறார்கள். நடுவில் ஏற்றிய அந்தக் கனம் தோலின் அதிர்வுகளை இழுத்துத் திருத்தி, கம்பியைப் போல முழு மடங்குகளுக்குக் கொண்டுவந்துவிடுகிறது.

இதை முதலில் கண்டு எழுதியவர் சி.வி. ராமன். சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து 1920-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். 1934-இல் விரிவாகவும் எழுதினார். ஒன்பது வகை அதிர்வுகள் ஐந்து சுரங்களுக்குள் வந்து அடங்கிவிடுவதைக் காட்டினார். தோல்மேல் நுண்மணலைத் தூவி, அது எங்கெங்கே குவிகிறது என்று பார்த்ததுதான் அவர் கையாண்ட வழி. நோபல் பரிசு என்றதும் ஒளிச்சிதறலை மட்டும் சொல்லிவிட்டுப் போகிற பாடப்புத்தகங்கள் இதை ஏனோ பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. திருவானைக்காவலில் 1888-இல் பிறந்த அந்தப் பிள்ளையின் வீட்டில் தந்தை இயற்பியல் சொல்லிக்கொடுப்பவர், வயலினும் வாசிப்பவர். இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தன.

வகுப்பில் மணலுக்குப் பதிலாகக் காய்ந்த ரவை. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் வாசிப்பதற்கு முன் ரவையைப் பிசைந்து ஒட்டுவது வழக்கம் என்பதால் வித்வானும் மறுப்பதில்லை. வலந்தலைமேல் ரவையை ஒரே சீராகத் தூவி, ஒரு விரலைக் கரணையின் விளிம்பில் இலேசாக வைத்துக்கொண்டு, ஓரத்தில் மெல்ல மெல்லத் தட்ட வேண்டும். பலமாக அடித்தால் ரவை பறந்துவிடும். பொறுமையாகத் தட்டத் தட்ட மணிகள் துள்ளித் துள்ளி நகர்ந்து, விரல் வைத்த இடத்திலிருந்து எதிர்ப்புறம்வரை ஒரு கோடாக ஒதுங்கும். அந்தக் கோட்டின் இருபுறமும் தோல் ஏறி இறங்குகிறது. கோட்டில் அசைவே இல்லை. வித்வான் ‘நம்’ என்ற சொல்லை வாசிக்கும்போது மோதிர விரல் எங்கே படுகிறது என்று பார்க்கச் சொல்வார் டீச்சர். அதே இடம். ராமன் மணலில் பார்த்ததை வித்வானின் விரல் தலைமுறை தலைமுறையாகச் செய்துகொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் அவர் கறாராக இருப்பார். “பாத்தீங்களா, நம்ம முன்னோர்களுக்கு அப்பவே எல்லாம் தெரிஞ்சிருக்கு” என்று கூட இருக்கும் ஆசிரியர் யாராவது தொடங்கினால், அன்பாக மறிப்பார். தெரிந்தது என்ன, யாருக்குத் தெரிந்தது என்று கேட்பார். சமன்பாடு தெரிந்திருக்கவில்லை. எந்த இடத்தில் எவ்வளவு சோறு ஏற்றினால் சுருதி நிற்கும் என்று காதுக்கும் கைக்கும் தெரிந்திருந்தது. அந்தக் காதும் கையும் மிருதங்கம் செய்த குடும்பங்களுடையவை. தோலைத் தொடுகிறவர்கள் என்பதற்காகவே சபைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுடையவை. டி.எம். கிருஷ்ணா 2020-இல் எழுதிய ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூல் அவர்களைப் பற்றியது. ஏழாம் வகுப்பில் அந்த நூலை விரிக்க முடியாது. ஆனால் “இதைச் செஞ்சவங்க பேரு எங்க எழுதியிருக்கு?” என்ற கேள்வியைக் கேட்கலாம். வாசித்தவர் பெயர் தெரியும், கண்டெழுதியவர் பெயர் தெரியும், செய்தவர் பெயர் தெரியாது. அறிவியல் பீரியடில் தொடங்கியது சமூக அறிவியலில் வந்து நின்றிருக்கும்.

ஒருமுறை ஒரு பையன் எழுந்து, “எங்க பறையில கறுப்பு கிடையாது டீச்சர். அதைத் தீயில காட்டுவோம்” என்றான். மறுநாள் பறை வந்தது. பள்ளிக்கூட மைதானத்து ஓரத்தில் ஓலையைக் கொளுத்திக் காய்ச்சினான். காய்ச்சுவதற்கு முன்னும் பின்னும் ஒலியைக் கைப்பேசியில் பதிந்து பார்த்தார்கள். ஈரம் போய்த் தோல் இறுகினால் சுரம் ஏறுகிறது என்று பிள்ளைகளே சொன்னார்கள். மழை நாளில் ஒலி ஏன் மந்தமாகிறது என்பதை அந்தப் பையன்தான் மற்றவர்களுக்கு விளக்கினான். அதுவரை வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை அவன்.

டீச்சர் இந்த வேலைக்கு வந்தது 1991-இல், அறிவொளி எழுத்தறிவு இயக்கத் தொண்டராக. புதுக்கோட்டையில் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் கற்றுக்கொண்ட காலம் அது. அவரும் அப்போதுதான் கற்றுக்கொண்டார். மாலையில் எழுத்துச் சொல்லிக்கொடுக்கும்போது, பாடத்தில் இல்லாத கேள்விகளைத்தான் பெண்கள் அதிகம் கேட்டார்கள். சைக்கிள் ஓடும்போது விழுவதில்லை, நின்றால் ஏன் விழுகிறது? கிணற்றுத் தண்ணீர் மார்கழியில் ஏன் வெதுவெதுப்பாக இருக்கிறது? கல்குவாரியில் வேலை பார்த்த ஒரு பெண், தூரத்தில் நிற்கும்போது சுத்தியல் விழுவது முதலில் தெரிந்து சத்தம் பிறகு வருவது ஏன் என்று கேட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர் கேட்ட கேள்வி, இயற்பியலின் நல்ல கேள்விகளில் ஒன்று. அறிவியலைப் ‘புரியும்படி எளிமையாக்குவது’ என்று எல்லாரும் பேசுகிறார்கள். அவருக்கு அந்தப் பேச்சில் அப்போதே நம்பிக்கை போய்விட்டது. மக்களிடம் இருக்கும் கேள்விகள் எளிமையானவை அல்ல; அவற்றை எளிமையாக்கி அனுப்பிவைப்பது மரியாதையும் அல்ல. அந்தக் கேள்விகள் போகிற ஊர்களுக்கெல்லாம் கூடவே போக ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அவருடைய பைக்குள் இருப்பவை: முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டுகள், கறுப்புத் தாள், நூல்கண்டு, மீட்டர் கோல், மஞ்சள் தூள், வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு, எலுமிச்சம்பழம், குளியல் சோப்பு. எதுவும் ஊர்க் கடையில் கிடைக்காதது இல்லை. விலையுயர்ந்த கருவி என்றால் பிள்ளைகள் தொடப் பயப்படுவார்கள் என்பது ஒன்று. நாளைக்கு அவர் ஊரில் இல்லாதபோதும் அவர்கள் செய்து பார்க்க வேண்டும் என்பது இன்னொன்று.

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பது ஆரத்தி எடுக்கிற எந்த வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். சாம்பார் சிந்திய வெள்ளைச் சட்டையில் சோப்புப் போட்டால் கறை சிவப்பாவதும் தெரியும். இரண்டும் ஒன்றுதான் என்பது மட்டும் தெரியாது. தாளில் மஞ்சளைக் கரைத்துத் தடவிக் காயவைத்து, சோப்புத் தண்ணீரால் அதில் எழுதச் சொல்வார்; எழுத்து சிவக்கும். எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சளாகும். காரம், அமிலம் என்ற சொற்கள் அதற்குப் பிறகுதான் வரும். அதோடு விட்டால் அது வேதியியல் வகுப்பு. அவர் விடுவதில்லை. “சுண்ணாம்பு எங்கேயிருந்து வருது?” கடையிலிருந்து. கடைக்கு? கிளிஞ்சலைச் சுட்டு. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கிளிஞ்சல் தெரியும். கடலே இல்லாத அரியலூரில் சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்களே, அங்கே கிளிஞ்சல் எப்படி வந்தது? ஏறக்குறைய பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. சுருள் சுருளான ஓடுகள் கொண்ட அம்மோனைட்டுகள் அந்தக் கடலில் நீந்தின. அவற்றின் கல்லான ஓடுகளை இன்றும் அரியலூர் வாரணவாசி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். ஆரத்தித் தட்டில் தொடங்கிய பேச்சு அங்கே வந்து சேர நாற்பது நிமிடம் போதும். லாரி ஓட்டுகிற அப்பா உள்ள பிள்ளை ஒருத்தி, அன்று மாலை அப்பாவிடம் “நீங்க ஏத்துற கல்லுல நத்தை இருக்காப்பா?” என்று கேட்டாளாம்.

2019 டிசம்பர் 26-ஆம் தேதி காலை, கோவையிலிருந்து திண்டுக்கல், கரூர், திருச்சி, புதுக்கோட்டை வழியாகக் கங்கணச் சூரிய கிரகணம் கடந்துபோனது. பிள்ளைகளை வெளியே விட வேண்டாம் என்று பேச்சு வந்தது. ஊரில் வீட்டுக்கு வீடு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி அதில் உலக்கையை நிற்கவைத்தார்கள். கிரகணம் பிடிக்கும்போது உலக்கை தானாக நிற்கும், விட்டதும் விழும் என்பது பாட்டிமார் சொல்லிவந்தது. டீச்சர் அதைக் கேலி செய்ததில்லை; பிள்ளைகளையும் கேலி செய்ய விட்டதில்லை. பாட்டி ஒரு பரிசோதனை செய்திருக்கிறார். அதில் ஒரு படி மட்டும் பாக்கி: கிரகணம் இல்லாத நாளில் நிறுத்திப் பார்ப்பது. அடுத்த வாரம் பிள்ளைகள் வீட்டுக்கு வீடு போய் அதைச் செய்தார்கள். அடியில் இரும்புப் பூண் தட்டையாக இருந்த உலக்கைகள் நின்றன. தேய்ந்து உருண்டுபோன பூண் உள்ளவை எந்த நாளிலும் நிற்கவில்லை.

அதைவிட அழகாக ஒரு பெண் பிள்ளை மடக்கினாள். சூரியனும் நிலாவும் ஒரே பக்கமாக நின்று இழுப்பதால்தான் உலக்கை நிற்கிறது என்று கைப்பேசியில் ஒரு காணொளி சுற்றிக்கொண்டிருந்தது. “ஒவ்வொரு அமாவாசைக்கும் ரெண்டும் ஒரே பக்கம்தானே டீச்சர் இருக்கு? அப்ப மாசாமாசம் நிக்கணுமே?” என்றாள். கடலோர ஊர்ப் பையன் ஒருவன் உடனே, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் கூடுதலாக ஏறும் என்று தாத்தா சொல்வாரே என்றான். அதுவும் சரிதான், அந்த இழுப்புக்குக் கடல் அளவுக்குப் பெரிய நீர்ப்பரப்பு வேண்டும், உலக்கைக்கு அது உறைக்காது. அன்று யாரும் யாருடைய நம்பிக்கையையும் உடைக்கவில்லை. பிள்ளைகள் கேள்வியைக் கொஞ்சம் தள்ளிக்கொண்டு போனார்கள்.

அந்தக் காலையில் பள்ளி மைதானத்து வேப்பமரத்தடி முழுக்கச் சிறு சிறு ஒளி வளையங்கள் விழுந்து கிடந்தன. நூற்றுக்கணக்கில். கிரகணக் கண்ணாடி வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுத் தரையைப் பார்க்கவைத்தார். சாதாரண நாளிலும் மரத்தடியில் ஒளி வட்டங்கள் விழத்தான் செய்கின்றன, யாரும் கவனிப்பதில்லை. இலைகளுக்கு நடுவே உள்ள சந்து முக்கோணமாக இருக்கும், நெளிந்திருக்கும், கிழிந்திருக்கும். தரையில் விழுவது மட்டும் வட்டமாகவே இருக்கிறதே, ஏன்? ஒவ்வொரு சந்தும் ஓர் ஊசித்துளைக் கேமரா. தரையில் விழும் வட்டம் சூரியனின் படம். சூரியன் வளையமானால் படமும் வளையமாகிறது. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இப்னு அல்-ஹைதம் கிரகணத்தின் வடிவத்தைப் பற்றித் தனி நூலே எழுதி இதை ஆராய்ந்தார். ஹம்பி விருபாட்சர் கோயிலுக்குள் கோபுரத்தின் நிழல் தலைகீழாகச் சுவரில் விழுவதும் இதே வித்தைதான்.

கிரகணத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால் கண்ணாடித் துண்டு பையிலேயே இருக்கிறது. கறுப்புத் தாளில் பஞ்சிங் மெஷினால் ஒரு துளை போட்டுக் கண்ணாடியை மூடி, வெயிலில் வைத்து, பிரதிபலிக்கும் ஒளியை இருட்டான வகுப்பறைச் சுவருக்குத் திருப்ப வேண்டும். யாரும் கண்ணாடியை நேராகப் பார்க்கக் கூடாது. அதற்குக் காவலாக இரண்டு பிள்ளைகள் நிற்பார்கள். இருபது மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் சுமார் 18 சென்டிமீட்டர் அகலத்தில் சூரியன் விழும். கூர்ந்து பார்த்தால் அது சுவரில் நகர்ந்துகொண்டே இருக்கும். இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேலானால் தன் அகலத்தைத் தானே கடந்துவிடும். பூமி சுற்றுவதைச் சொல்லிக் கேட்டவர்கள் அதை முதல்முறையாகப் பார்ப்பது அந்தச் சுவரில்தான். யாராவது ஒரு பிள்ளை கண்ணாடியை யாரோ அசைக்கிறார்கள் என்று எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வரும். ஒவ்வொரு பள்ளியிலும் இது நடக்கும். அப்படிப் போய்ப் பார்க்கிற பிள்ளையை அவர் குறித்துவைத்துக்கொள்வார்.

பிறகு கணக்கு. தூரம் 20 மீட்டர், படத்தின் அகலம் 18 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. வகுத்தால் சுமார் 108. சூரியன் இருப்பது 15 கோடி கிலோமீட்டரில். அதையும் 108-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 13 லட்சத்து 90 ஆயிரம் கிலோமீட்டர். அதுதான் சூரியனின் குறுக்களவு. வடிவொத்த முக்கோணங்கள் மேல் வகுப்புப் பாடமாயிற்றே, எட்டாம் வகுப்பில் இதைச் செய்யலாமா என்று ஒரு பள்ளியில் ஆட்சேபம் வந்தது. பிள்ளைகள் அதற்குள் விடையை எழுதி முடித்திருந்தார்கள்.

நிழலை வைத்துப் பூமியை அளப்பது அவருக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்த வேலை. மார்ச் 21-ஐ ஒட்டி, கன்னியாகுமரியிலும் புதுக்கோட்டையிலும் சென்னையிலும் உள்ள பள்ளிகள் ஒரே நாளில் ஒரு மீட்டர் கோலை நட்டு உச்சி நிழலை அளக்கின்றன. அன்று கன்னியாகுமரியில் 14 சென்டிமீட்டர், புதுக்கோட்டையில் 18, சென்னையில் 23 என்ற அளவில் வர வேண்டும். இரு முனைகளுக்கும் இடையிலான கோண வித்தியாசம் 5 பாகை. முழு வட்டம் 360 பாகை; ஆக அந்தத் தூரத்தைப் போல 72 மடங்கு பூமியின் சுற்றளவு. இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் எரடோஸ்தெனிஸ் எகிப்தில் செய்த அதே கணக்கு.

தூரத்தில்தான் சண்டை வரும். பேருந்தில் போனால் கன்னியாகுமரிக்கும் சென்னைக்கும் ஏறக்குறைய 700 கிலோமீட்டர். அதைப் போட்டால் சுற்றளவு 50,000-ஐத் தாண்டிவிடும். பூமி வீங்கிவிட்டது என்று பிள்ளைகள் திகைப்பார்கள். சாலை வளைந்து வளைந்து போகிறது என்று யாரோ சொல்வார்கள். நூலை நேராக இழுத்து வரைபடத்தில் அளந்தாலும் கூடுதலாகத்தான் வரும், ஏனென்றால் சென்னை வடக்கே மட்டும் இல்லை, கிழக்கேயும் தள்ளி இருக்கிறது. நிழல் சொல்வது வடக்கு தெற்குக் கணக்கை மட்டும். அந்தத் தூரம் சுமார் 555 கிலோமீட்டர். 72-ஆல் பெருக்கினால் 40,000-க்குப் பக்கத்தில். இதைத் தாங்களாகக் கண்டுபிடிக்கும்வரை அவர் வாயைத் திறப்பதில்லை. ஒரு பள்ளியில் அதற்கு ஒரு வாரம் ஆனது, அவரும் காத்திருந்தார்.

உச்சி நிழல் பன்னிரண்டு மணிக்கு விழுவதில்லை என்பது இன்னொரு சண்டை. அந்த நாளில் சென்னையில் சுமார் 12.16, கன்னியாகுமரியில் சுமார் 12.27. கடிகாரம் பொய் சொல்கிறதா, சூரியன் பொய் சொல்கிறதா? கிழக்கே இருப்பவருக்கு முதலில் உச்சி வருகிறது. நாடு முழுக்க ஒரே நேரம் என்று வைத்தது 1906-இல்தான். அதற்கு முன் சென்னை வானாய்வகத்தின் மதராஸ் நேரம் இருந்தது. கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது. ரயில்கள் அதை வைத்து ஓடின. ரயிலுக்காகத்தான் ஊர்கள் தங்கள் உச்சிப்பொழுதை விட்டுக்கொடுத்தன என்று சொன்னதும், காரைக்குடி ரயிலில் போய்வருகிற பிள்ளைகள் சட்டென்று நிமிர்ந்து உட்கார்வார்கள்.

இந்த மண்ணில் இதே வேலையைப் பெரிய அளவில் செய்தவர் வில்லியம் லாம்டன். 1802-இல் பரங்கிமலைப் பக்கத்தில் சுமார் 12 கிலோமீட்டர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து, அதன்மேல் முக்கோணம் முக்கோணமாக நாட்டையே அளக்கத் தொடங்கினார். கோணம் அளக்கும் அரை டன் எடையுள்ள தியோடலைட்டை 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சேதமானது. லாம்டன் உட்கார்ந்து அதன் வட்டத் தகட்டைத் தானே நிமிர்த்தினார். தெற்கே கன்னியாகுமரிப் பக்கம்வரை நீண்ட முக்கோணங்களின் அந்தக் கோடு பிறகு இமயமலைவரை போனது. பெரிய கோயிலுக்குச் சுற்றுலா போன பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது, அவர்கள் மனதுக்குள் அண்ணாந்து அந்த உயரத்தைப் பார்ப்பது முகத்தில் தெரியும்.

ஒரு மார்ச் மாதம், அறந்தாங்கிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் கோல் சாய்ந்து நின்றதால் அளவு ஒத்துவரவில்லை. கொத்தனார் வேலை பார்க்கும் ஒருவர், மகள் கேட்டதற்காகத் தன் தூக்குக்குண்டை எடுத்துக்கொண்டு வந்தார். நூலைக் கோலின் பக்கத்தில் தொங்கவிட்டு, குண்டு ஆடி நிற்கும்வரை காத்திருந்து, கோலின் அடியில் சில்லு வைத்து நிமிர்த்தினார். நிழல் சரியாகிவிட்டது. அவர் போகாமல் ஓரமாக நின்று கணக்கைக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், “டீச்சரம்மா, ஒண்ணு கேக்கலாமா?” என்றார். “மெட்ராஸ்ல தொங்குற குண்டும் கன்னியாகுமரியில தொங்குற குண்டும் அஞ்சு டிகிரி மாறி நிக்குதுன்னா, நான் தூக்குக்குண்டு வச்சுக் கட்டுற ரெண்டு சுவரும்கூட மேலே போகப் போக விலகத்தானே செய்யும்?”

டீச்சர் அன்று முழுக்க அந்தக் கேள்வியை விட்டு வேறெங்கும் போகவில்லை. பிள்ளைகள் கணக்குப் போட்டார்கள். பத்து மீட்டர் இடைவெளியில் பத்து மீட்டர் உயரச் சுவர்கள் இரண்டு என்றால் மேலே கூடும் விலகல் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. ஆனால் நியூயார்க்கின் வெரஸானோ பாலத்தின் இரண்டு கோபுரங்கள் அடியில் இருப்பதைவிட உச்சியில் நான்கு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக விலகி நிற்கின்றன. கட்டியவர்கள் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டே கட்டினார்கள். கொத்தனார் அதைக் கேட்டுத் தலையசைத்தார். உடனே அடுத்ததைக் கேட்டார்: பக்கத்தில் பெரிய மலை இருந்தால் அது குண்டைத் தன் பக்கம் இழுக்காதா?

இழுக்கும். லாம்டன் தொடங்கிய கோடு இமயமலையை நெருங்கியபோது சர்வேக்காரர்கள் மாட்டிக்கொண்டது அதில்தான். கல்கத்தாவில் பாதிரியாராக இருந்த ஜான் ஹென்றி பிராட் 1855-இல், மலையின் எடைக்கு எவ்வளவு இழுக்க வேண்டும் என்று கணக்கிட்டார். நடந்ததோ அதில் மூன்றில் ஒரு பங்குதான். அவ்வளவு பெரிய மலையின் இழுப்பு ஏன் குறைந்தது என்ற கேள்விக்கு விடை தேடியபோதுதான், மலைகளின் அடியில் இருக்கும் பொருள் சுற்றியிருப்பதைவிட இலேசானது, கனமான அடுக்கின்மேல் அவை மிதக்கின்றன என்ற எண்ணம் புவியியலுக்குள் வந்தது.

“அப்ப தேனிப் பக்கம் மலையடிவாரத்துல தொங்கவிட்டுப் பாத்தாத் தெரியுமா?” என்று கொத்தனாரின் மகள் கேட்டாள். ஒரு மீட்டர் நூலில் அந்தச் சாய்வு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. அதோடு, சாய்ந்திருக்கிறது என்று சொல்ல ஒப்பிட்டுப் பார்க்க நேரான கோடு வேறு வேண்டும், மலைக்குப் பக்கத்தில் அதை எங்கே தேடுவது? பிள்ளைகள் கொஞ்ச நேரம் யோசித்தார்கள். நட்சத்திரத்தை வைத்துப் பார்க்கலாமா என்று ஒரு பையன் இழுத்து இழுத்துச் சொன்னான். லாம்டனும் அதைத்தான் செய்தார் என்றார் டீச்சர். மறுவாரச் சனிக்கிழமை இரவு மைதானத்தில் கூடுவதென்று முடிவானது. பெண் பிள்ளைகளை அனுப்ப வீட்டில் சம்மதம் வாங்கவேண்டும் என்ற கவலைக்கு, எல்லாரையும் தானே வீடுவரை கொண்டுவந்து விடுவதாகக் கொத்தனார் சொன்னார். தூக்குக்குண்டையும் பள்ளியிலேயே விட்டுவிட்டுப் போனார்.